பத்தாயிரம் டன்னுக்கு மேல் ஒரு கிலோ கூடாது

மாத்தளையில் மிளகு வாங்கி விற்கிறவனுக்குக் கப்பல் எதற்கு என்று என்னைக் கேட்காத ஆளில்லை. கடலைப் பார்க்கவே எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரைநாள் போக வேண்டும். இருக்கட்டும், என் பைத்தியம் எனக்கு.

இல்லாத கப்பலை வரைகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் வல்லரசுகள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. கனரக குரூசர் என்கிற போர்க்கப்பல் பத்தாயிரம் டன்னைத் தாண்டக் கூடாது, பீரங்கியின் வாய் எட்டு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் அடங்குகிற மாதிரி நாங்களும் கற்பனையில் ஒரு கப்பல் கட்ட வேண்டும். இதுதான் போட்டி. ஆளுக்கு மூன்று வாய்ப்பு. எடை கூடிவிட்டது என்று நடுவர் என் கப்பலை இரண்டு தரம் திருப்பிவிட்டார். மூன்றாவதும் திரும்பினால் போட்டியை விட்டே வெளியே. நானோ கடைத்தெரு முழுக்கப் பெருமையடித்து வைத்திருந்தேன்.

கடைசி நாளும் வந்தது. மறுபடி நூற்றைம்பது டன் கூடுதல். நான்கு பீரங்கிக் கூண்டுகளில் ஒன்றைக் கழற்றினால் போதும். கழற்ற மனம் வந்தால்தானே? எடைப் பட்டியலை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். தகடு, பீரங்கி, குண்டு, எஞ்சின், தண்ணீர். அவள் மிளகு புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, தண்ணிய கழிக்கலியா? ஊரான் மிளகுன்னா மட்டும் ஈரத்துக்குன்னு அவ்வளவு கழிக்கிறீங்க."

அட, ஆமாம்! எரி எண்ணெயையும் பாய்லருக்கான உபரித் தண்ணீரையும் எடையில் சேர்க்க வேண்டாம் என்று ஒப்பந்தமே சொல்கிறது. அதையெல்லாம் முன்பே கழித்திருந்தேன். இந்தத் தண்ணீரை மட்டும் எப்படி விட்டேன்? இருபது வருஷமாக எந்த விவசாயியின் மூட்டையையும் ஈரம் கழிக்காமல் எடைபோட்டவனில்லை நான். கழித்தேன். பத்தாயிரம், அச்சொட்டாக. அனுப்பிவிட்டு, மச்சானுக்குப் போன் பண்ணி ஜெயித்தாயிற்று என்றும் சொல்லிவிட்டேன்.

மத்தியானம் நடுவரின் பதில் வந்தது. கப்பல் அழகாம். ஆனால் நான் கழித்தது எழுநூறு மாலுமிகளின் குடிதண்ணீராம். ஒப்பந்தப்படி அது எடையில் சேர்ந்தே ஆக வேண்டுமாம். என் கப்பலில் ஏறியவர்கள் சண்டைக்குப் போகுமுன்னே நாக்கு வறண்டு செத்துப்போவார்களாம். ஆகவே நிராகரிப்பு.

எல்லாம் உன்னால்தான் என்று மனைவிமேல் பாய்ந்தேன். அவள் உள்ளே போய் ஒரு ஜக் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தாள்.

"இத அந்த எழுநூறு பேருக்குக் குடுங்க."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்திக் கத்தித் தொண்டையும் காய்ந்திருந்தது. ஜக்கைத் தூக்கி மடமடவென்று நானே குடித்தேன். அவர்களுக்கு ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்கவில்லை.