எதிர் மூலையில் நின்றவள்

என் மூக்கு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். தையல் கடைக்குப் புதிதாக வருகிற பெண்கள் ஜாக்கெட் அளவு கொடுத்துக்கொண்டே அதைத்தான் பார்ப்பார்கள், கேட்கக் கூச்சப்படுவார்கள். நானே சொல்லிவிடுவேன்: பாக்ஸிங்கில் உடைந்தது, அதுவும் நான் ஜெயித்த சண்டையில் உடைந்தது. அதற்கப்புறம் ஜாக்கெட் கையைச் சற்று இறுக்கமாகத் தைத்துவிட்டால்கூட யாரும் என்னிடம் குரலை உயர்த்துவதில்லை.

நான் மாவட்ட சாம்பியனாக இருந்தவள். தொடர்ந்து ஐந்து வருஷம் தங்கம். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் எங்களுடையது. ஊருக்கு ஒரு கோயில் இருப்பதுபோல ஒரு ஸ்போர்ட்ஸ் கிளப்பும் உண்டு, அதன் பின்பக்கம் ஒரு ரிங். கிளப்புக்கு எதிரே டீக்கடை. பாக்ஸிங் பார்ப்பது கிளப்பில் என்றால், பாக்ஸிங் பேசுவது டீக்கடையில். உலக சாம்பியன்கள் அந்த பெஞ்சில் தினமும் மோதிக்கொள்வார்கள். செத்து மண்ணாகிப்போன ஹெவிவெயிட்காரரை எழுப்பிக்கொண்டு வந்து, நேற்று டி.வி.யில் பார்த்தவரோடு மோதவிடுவார்கள். ஒருவர் தன் ஆள் நாற்பது சண்டை ஜெயித்தான் என்பார். அடுத்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அவன் யாரைடே அடிச்சான்?” என்று கேட்பார். அடிபட்ட நாற்பது பேரும் பாக்ஸிங்கே தெரியாத டாக்ஸி டிரைவர்கள்தான் என்று அடித்துச் சொல்வார். சண்டை அங்கே சூடுபிடிக்கும்.

யாரை அடிச்சான் என்ற அந்தக் கேள்வி எனக்கு அறவே பிடிக்காது. உலகச் சண்டை முடிந்ததும் அது உள்ளூருக்குத்தான் வரும், வந்ததும் நேராக என் பெயரில் வந்து நிற்கும்.

எங்கள் கிளப்பில் மாவட்டத் தங்கம் வாங்கியவர்கள் மூன்று பேர்தான். முதலாமவர் இப்போது வயதான மீனவர். தென்னை மரங்களில் வடம் கட்டி, மணலையே ரிங்காக்கிச் சண்டை போட்ட காலத்து ஆள். இரண்டாவது நான். மூன்றாவது, இப்போது மாநிலப் போட்டி வரைக்கும் போய்வந்த ஒரு இளைஞன். பெரியவருக்கு எதிரே வந்தவர்கள் துடுப்புப் பிடித்து இறுகிய கைக்காரர்கள், ஆனால் முகத்தை மறைக்கத் தெரியாதவர்கள் என்று டீக்கடை தீர்ப்பு எழுதியிருந்தது. இளைஞனுக்கு எதிரே வருகிறவர்கள் கோச் வைத்து, முட்டையை எண்ணித் தின்று, அவன் சண்டை வீடியோவைப் பத்து முறை ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். எனக்கு எதிரே வந்தது? ஒரே ஒருத்தி. வருஷா வருஷம் அதே ஒருத்தி.

பொய்யில்லை. அந்தக் காலத்தில் என் எடையில் கையுறை மாட்டிய பெண்கள் மாவட்டம் முழுக்க நாங்கள் இரண்டு பேர்தான். காலிறுதி, அரையிறுதி எதுவும் கிடையாது, நேரே ஃபைனல். அவள் பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் எஸ்டேட்காரி, இடதுகைக்காரி. எனக்காவது ரிங் இருந்தது. அவள், ரப்பர் மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலைச் சாக்கில் அடைத்துக் கிளையில் தொங்கவிட்டு அதைக் குத்திப் பழகியவள். நான்கு ஃபைனலில் நான்கும் நான் ஜெயித்தேன். ஐந்தாவது வருஷம் அவள் வரவில்லை. நடுவர் என் கையைப் பிடித்துத் தூக்கினார். எதிர் மூலையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது, அவ்வளவுதான். முதல் நான்கு பதக்கங்களும் இன்று என் கடைச் சுவரில் தொங்குகின்றன. ஐந்தாவது பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது.

சண்டையெல்லாம் முடிந்து, இரண்டு பேருக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் நாங்கள் சிநேகிதிகளானோம். கிறிஸ்துமஸுக்கு ஒரு குலை பழமும் ஒரு பொதி நல்லமிளகுமாக பஸ் பிடித்து இறங்கி வருவாள். போகும்போது நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுப்பேன். பிள்ளைகள், மாமியார், ரப்பர் விலை, மீன் விலை, எல்லாம் பேசுவோம். அவள் வராமல் போன அந்த வருஷத்தைப் பற்றி மட்டும் பேசியதில்லை. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கிளப் ஆண்டு விழா. அதில் பட்டிமன்றம் கட்டாயம் உண்டு. டீக்கடையில் அந்த வருஷம் எது அதிகமாகச் சண்டை மூட்டியதோ அதுதான் தலைப்பு. முந்தின வருஷம் மீனில் சாளை ருசியா அயிலை ருசியா என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். போன விழாவுக்கு, எங்கள் மூன்று சாம்பியன்களில் யார் பெரியவர் என்று வைத்துவிட்டார்கள். இதற்கு ஒரு சட்டமும் இருக்கிறது. மேடையில் யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, கடைசி வரை வாய் திறக்கக் கூடாது. என்னைப் போன்ற வாய்க்காரிக்கு அது பெரிய தண்டனை.

எனக்கு அன்று தூக்கமில்லாமல் கண் எரிந்தது. சும்மா வேடிக்கைதானே என்று வீட்டுக்காரர் சொன்னார். அவருக்கு வேடிக்கை. நான் நெஞ்சில் சுமந்துகொண்டு திரிகிற நான்கு தங்கமும் தங்கமா, இல்லை ஆளில்லாத வீட்டில் எடுத்த சாமானா என்று ஊர் கூடித் தீர்ப்புச் சொல்லப் போகிறது. பக்கத்தில் என் மகள் வேறு உட்கார்ந்திருந்தாள். மறுபக்கம் என் சிநேகிதி, மடியில் கேக் பொட்டலத்தோடு.

மீனவப் பெரியவருக்காக ஒரு மீன் ஏலக்காரர் பேசினார். குரல் சொல்லவேண்டுமா, கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். எனக்காகப் பேச வந்தவர் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். பெண் கல்வி, பெண் சுதந்திரம், பெண் சிசுவதை வரைக்கும் போனார். நான் விட்ட ஒரு குத்தைப் பற்றியாவது பேசுவார் என்று பார்த்தேன், மனுஷன் மூச்சு விடவில்லை. இளைஞனுக்காகப் பேசியவன் கல்ஃபிலிருந்து லீவில் வந்தவன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகப் பேசினான். ஒருவர் எத்தனை ஜெயித்தார் என்று பார்க்காதீர்கள், எதிரே யார் நின்றார்கள் என்று பாருங்கள் என்று ஆரம்பித்தான். பெரியவரை மரியாதையாகத் தாண்டிப் போனான். பிறகு என்னிடம் வந்தான்.

“அக்கா அஞ்சு தங்கம் வாங்கினாவ, சரி. நாலு தடவையும் அடிச்சது ஒரே பிள்ளையை. ஒரே ஆளை நாலு தடவ அடிச்சா அது ஒரு வெற்றிதான். அஞ்சாவது தடவ அந்தப் பிள்ளையும் இல்ல. ஸ்டூலைத்தான் அக்கா தோக்கடிச்சிருக்காவ.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. என் மகளும் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. சட்டமாவது கிட்டமாவது என்று எழப் போனேன். அதற்குள் பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. கேக் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டு அவள் மேடையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். ஜெயித்தவர்கள் வாய் திறக்கக் கூடாது என்றுதான் சட்டம். தோற்றவர்களுக்குச் சட்டம் எதுவும் கிடையாது, அவர்களை அந்த விழாவுக்கு யாரும் கூப்பிட்டதும் கிடையாது.

அவளை அங்கே யாருக்கும் தெரியாது. பட்டிமன்ற நடுவராக இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தங்கச்சி யாரு என்று கேட்டார்.

“அந்த ஒரே பிள்ளை நானாக்கும் சாரே,” என்றாள் மைக்கில்.

கல்ஃப் பையன் வேட்டியைச் சரிசெய்தான்.

அவளுக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. மைக்கை ரொம்பத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மலையூர் இழுவையில் மெதுவாகப் பேசினாள். முதல் வருஷம் தனக்கு ஒன்றுமே தெரியாது என்றும், கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்ததாகவும், நான் ஒதுங்கி நின்று ஒன்று வைத்ததில் உட்கார்ந்துவிட்டதாகவும் சொன்னாள். கூட்டம் லேசாகச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“அடுத்த வருஷம் வந்தது அந்தப் பிள்ளை இல்ல. நான் ஒரு வருஷம் முழுக்க இவளையே நெனச்சுப் பழகினேன். இவளுக்க வலது கை எப்ப வரும், மூச்சு எப்ப வாங்கும், எல்லாம் எனக்குப் பாடம். மூணாவது வருஷம் அதவிட வேற ஆளாக்கும் வந்தேன். நாலாவது வருஷம் இவளுக்க மூக்கு என்ன ஆச்சுன்னு நீங்களே பாருங்க. நாலு வருஷமும் நாலு ஆளு. நாலும் நான்தான்.”

உண்மை. அந்த நான்காவது சண்டையில் என் முகம் முழுக்க ரத்தம், அவள் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மயிரிழையில் எனக்குக் கொடுத்தார்கள். அவளைச் சமாளிக்க நானும் ஒவ்வொரு வருஷமும் புது ஆளாகத்தான் ஏற வேண்டியிருந்தது. ஒரு காலத்துக் குத்தை இன்னொரு காலத்துத் தாடையில் வைத்துப் பார்க்க யாராலும் முடியாது. ஆனால் என் காலத்துக் குத்து எப்படி இருந்தது என்று என் தாடைக்குத் தெரியும். அதை அவள் ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

நடுவர் விடவில்லை. அஞ்சாவது வருஷம் ஏன் வரவில்லை என்று கேட்டார்.

அந்த வாரம் முழுக்க மலையில் மழையாம். ரோடு இடிந்து பஸ் நின்றுவிட்டது. கையுறைப் பையோடு அப்பாவும் மகளும் நடந்தே இறங்கப் பார்த்திருக்கிறார்கள். பாதி வழியில் தண்ணீர் ரோட்டை மறித்து ஓடியது. உச்சிப்பொழுது கழிந்த பிறகு திரும்பி ஏறியதாகச் சொன்னாள். நான் அந்த ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்த நேரம் அது.

“வந்திருந்தா?” என்று கேட்டார் நடுவர். பட்டிமன்றக்காரர் அல்லவா, விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார்.

அவள் யோசிக்கவே இல்லை. மேடையிலிருந்து நேரே என்னைப் பார்த்தாள்.

“நான் ஜெயிச்சிருப்பேன்.”

கல்ஃப் பையன் முகத்தில் வெளிச்சம் வந்தது. கேட்டீர்களா என்பதுபோலக் கூட்டத்தைப் பார்த்தான். கூட்டம் என்னைப் பார்த்தது. என் மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள், ஏதாவது மறுத்துச் சொல் என்று.

நான் எழுந்தேன். மைக் தேவைப்படவில்லை, என் குரல் கடற்கரைக் குரல்.

“ஆமா, ஜெயிச்சிருப்பா,” என்றேன். “இவளையாக்கும் நான் நாலு வருஷம் தோக்கடிச்சது.”