வெள்ளைத் துணியில் வந்த மஞ்சள்

மலேசியாவின் கூலிம் நகரில் வேலை முடிந்து, பீடோங்கில் உள்ள வீட்டிற்குக் காரில் திரும்பும்போது சிகரெட் பிடிப்பேன். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். சென்ற மாதம் கண்ணாடிகளின் உட்புறம் மங்கி, வெயிலில் சாலையே சரியாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வினிகர் கலந்த தண்ணீரால் முன்கண்ணாடியைத் துடைத்தேன். மூன்று முறை துடைத்தும் வெள்ளைத் துணி மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

ஆஸ்துமா உள்ள எங்கள் எட்டு வயது மகள் உட்காரும் பின் இருக்கைப் பக்கத்துக் கண்ணாடியை என் மனைவி துடைத்துப் பார்த்தாள். அங்கும் அதே மஞ்சள்.

“யாராச்சும் சிகரெட் குடிக்கிறீங்களான்னு டாக்டர் கேட்டப்ப, வீட்டுல இல்லன்னு சொன்னீங்களே,” என்றாள்.

மறுநாளே டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். இப்போது காரில் சிகரெட்டைத் தொடுவதில்லை. முழுவதும் விடவும் முயல்கிறேன்.

“இப்ப கார் நல்லா வாசமா இருக்குப்பா,” என்று மகள் சொன்னாள்.