தேதியைத் திருப்பி வைத்த டாக்டர்

1. பாடா

நான் சப்போர்ட் மேசையில் சேர்ந்த இரண்டாம் வருடம், எங்கள் கம்பெனி ஆயுள் லைசென்ஸ் விற்பதை நிறுத்தியது. ஹோமியோபதி டாக்டர்கள் நோயாளிகளின் குறிப்புகளை எழுதி வைக்கும் சாஃப்ட்வேர் எங்களுடையது. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்களும் இனி வருடாவருடம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் கெடு முடிந்ததும் பூட்டிக்கொள்ளும் என்று ஒரு வெள்ளிக்கிழமை மெயில் போனது. திங்கட்கிழமை காலை கரியாஹாட் அலுவலகத்தில் நான் ஹெட்செட்டை மாட்டும்போதே பதினேழு அழைப்புகள் வரிசையில் நின்றன.

பேசியவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டார்கள்: பாடா. வங்காள மொழியில் வாடகை. "அப்போ இனிமே பாடாவா?" அதற்கும், எப்படிப் பேச வேண்டும் என்று கம்பெனி எங்களுக்குக் கொடுத்திருந்த தாளில் பதில் இருந்தது: 'வாடகை அல்ல, சப்ஸ்கிரிப்ஷன் என்று சொல்லவும்.' நான் சொன்னேன். ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

லேக் கார்டன்ஸில் ஒரே அறையில் முப்பது வருடத்துக்கு மேல் சேம்பர், அதாவது கிளினிக், நடத்தும் முதியவர் ஒருவர் இருந்தார். டாக்டர்பாபு என்றே கூப்பிடுவோம். அவர் வங்காள மொழியில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். "இந்த ரூமுக்கு நான் பாடா குடுக்கற ஆளு, மா. வீட்டுக்காரன் கோர்ட்டுக்குப் போயும் என்ன வெளிய தள்ள முடியல. நீங்க ஒரு மெயில்ல தள்ளிட்டீங்க."

2. ஒரே நாள்

அவர் பணம் கட்டவில்லை. கெடு முடிந்து இரண்டு மாதம் ஆகியும் பூட்டிக்கொண்டதாகப் புகாரும் இல்லை. பிறகு ஒருநாள் கூப்பிட்டார். ஒரு பெண்ணின் பள்ளிக்கு அவர் கம்ப்யூட்டரில் அச்சிட்டுக் கொடுத்த மருத்துவச் சான்றிதழைத் தேதி தப்பு என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நேரில் போனேன்.

கம்ப்யூட்டரைப் பார்த்ததும் புரிந்தது. தினமும் காலையில் அவர் தேதியைக் கெடுவுக்கு முந்தைய நாளுக்குத் திருப்பி வைத்துவிடுகிறார். சாஃப்ட்வேரும் நம்பித் திறந்துகொள்கிறது. இரண்டு மாதமாக அந்தச் சேம்பரில் ஒரே நாள்தான் நடந்துகொண்டிருந்தது.

"இத யாரு சொல்லிக் குடுத்தா?"

"இந்தத் தெருவுல எல்லா டாக்டரும் இதான் பண்றோம்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

அந்தப் பெண்ணின் பக்கத்தைத் திறந்து காட்டினேன். ஐந்து முறை வந்திருக்கிறாள், ஐந்துக்கும் ஒரே தேதி. எந்த மருந்துக்குப் பிறகு எந்த மருந்து கொடுத்தார் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. முகம் மாறிவிட்டது.

"தேதியச் சரி பண்ணினா?"

"பூட்டிக்கும், டாக்டர்பாபு."

"உள்ள இருக்கற என் பேஷண்ட்டுங்க?"

"அவங்களும் சேர்ந்துதான்."

"அப்போ இது பூட்டு இல்ல, ஜப்தி."

பதினோரு வருடக் குறிப்புகள் அதற்குள் இருந்தன. தேதியைச் சரிசெய்தால் எல்லாம் அடைபட்டுப் போகும், விட்டால் நாளுக்கு நாள் குழம்பும். எதையும் தொடாமல் திரும்பி வந்தேன்.

3. ஒன்பதாம் பக்கம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எந்தத் தாளை யார் நீட்டினாலும், காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வருவார் அப்பா. அதனாலோ என்னவோ, என் கைக்கு வரும் தாளைக் கடைசி வரிவரை படிக்காமல் விடமாட்டேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. லைசென்ஸ் அக்ரிமெண்ட்டையும் அன்று வீட்டுக்குப் போகும் பெஹாலா பஸ்ஸில் நின்றபடியே முழுதும் படித்தேன். நோயாளிகளின் குறிப்புகள் வாங்கியவரின் சொத்து என்று ஒன்பதாம் பக்கத்தில் நாங்களே எழுதியிருந்தோம்.

மேனேஜர் ராகவன் சார் மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். மறுநாள் அவர் மேசையில் அந்தப் பக்கத்தை வைத்தேன்.

"அக்ரிமெண்ட்டெல்லாம் யாரும்மா படிக்கறா?"

"நான் படிச்சேன் சார்."

"பூட்டலேன்னா எவன் பணம் கட்டுவான்?"

"வாடகை தரலேன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லலாம் சார். அவங்க பாத்திரத்த உள்ள வச்சுப் பூட்டக் கூடாது."

"வாடகைங்கற வார்த்தையே வரக் கூடாதுன்னு தாள்ல போட்டிருக்கே."

"அது கஸ்டமர்கிட்ட சார்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைத் தலைமை அலுவலகத்துக்கு மெயில் செய்தார். மூன்று வாரத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. கெடு முடிந்தாலும் பழைய குறிப்புகளைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். புதிதாக எழுதத்தான் முடியாது.

மறுபடி லேக் கார்டன்ஸ் போனேன். தேதியைச் சரிசெய்து, பதினோரு வருடத்தையும் ஒரு பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தேன். டாக்டர்பாபு, தான் கையால் தேதி போட்டு எழுதிய மருந்துச் சீட்டுகளின் அடிக்கட்டைகளைப் பார்த்து, குழம்பிக் கிடந்த கிட்டத்தட்ட மூன்று மாதத்து நாட்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் எக்ஸெலில் திருத்தினேன். ஒரு பகல் முழுவதும் ஆனது. அந்தப் பெண்ணுக்கு நோட்டுத்தாளில் கையால் புதுச் சான்றிதழ் எழுதினார்.

முடிந்ததும், "இப்போ உங்க சாமான எடுத்துடு, மா" என்றார். சாஃப்ட்வேரை நானே நீக்கினேன்.

"ரெனியூ பண்ணிட்டாரா?" என்று ராகவன் சார் கேட்டார்.

"இல்ல சார். போயிட்டார்."

"பேஷ்" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போனார்.

4. ஒரு நட்சத்திரம்

ஒவ்வொரு சர்வீஸுக்குப் பிறகும் வாடிக்கையாளருக்கு ஒரு மதிப்பீட்டுப் படிவம் போகும். டாக்டர்பாபு ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். சாயங்காலம் அவரே போன் செய்தார்.

"உனக்கு அஞ்சு குடுக்கலாம்னுதான் பாத்தேன், மா. உனக்கு ஒரு கட்டம், கம்பெனிக்கு ஒரு கட்டம்னு தனியாப் போடலயே."

அந்த மாதம் என் மதிப்பெண் குறைந்து, டீமில் கடைசிக்குப் போனேன். மதிப்பீட்டை நீக்கச் சொல்லி விண்ணப்பிக்க வழி உண்டு. நான் விண்ணப்பிக்கவில்லை. இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்த விண்ணப்பத்தைக் காட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: கூப்பிடுகிறவர் திட்டினால், அவர் சொல்வது சரியா என்று முதலில் பாருங்கள். டாக்டர்பாபுவின் கோபம் சரியான கோபம். அதைப் போட அந்தப் படிவத்தில் என் பெயர் மட்டும்தான் இருந்தது.