ஹாசிம் நானாவின் இரண்டு விரல்

ஹாசிம் நானா ஒட்டுப் போட்டுத் தந்த வலையில் மீன் நிற்காது. இதைப் பல வருஷமாகக் கண்டக்குழி ஊர் முழுக்கச் சொல்லி வருகிறேன், இன்றைக்கும் சொல்வேன். ஓரா மீன் பிடிக்கிற வலை அது. ஓரா வந்து, பார்த்து, வாசலால் போகிற மாதிரிப் போய்விட்டது. கடைசியில் அதைக் கோழிக்கு வேலியாகக் கட்டினேன். குஞ்சுகளும் அதற்குள்ளால் போய் வந்தன.

நான் சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து வந்து, இங்கேயே கல்யாணம் கட்டி நின்றவன். வந்த நாள் முதல் என் வலைகளைப் பார்த்தது அவர்தான். தோணி கவிழ்ந்து இடுப்பில் அடிபட்டதோடு கடலை விட்ட மனுசன். வெளிநாட்டுக்காரர் வந்து தங்கும் விடுதிக்குப் பக்கத்துப் பூவரசு மரத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரை, வாயில் வெற்றிலை, கால் பெருவிரலில் கொழுவிய வலை. ஊர்க்கதை முழுக்க அங்கே வந்துதான் போகும்.

முடிச்சுக்கு முடிச்சு அளவு பிசகாமல் இருக்க மற்றவர்கள் ஒரு மூங்கில் துண்டு வைத்திருப்பார்கள். இவர் தன் இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்து, அதைச் சுற்றி முடிவார். அல்லாஹ் தந்த அளவு கையில் இருக்கும்போது மூங்கில் எதற்கு என்று கேட்பார். அவ்வளவு பெருமை.

பிறகு ஆள் மெல்ல மெல்ல மாறினார். மோதிரத்தைத் தட்டான் வெட்டித்தான் எடுத்தான். பெருநாளுக்குப் பெருநாள் செருப்பு ஒரு அளவு கூடியது. தாடை முன்னுக்குத் தள்ளியது, குரல் தடித்தது. வெள்ளைக்காரர் படம் எடுக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தான் ஆக்குவதெல்லாம் கைக்கும் காலுக்கும்தான் போகிறது, வயிற்றுக்குப் போவதாகக் காணோம் என்று அவருடைய மனைவி றுமானா ராத்தா சிரிப்பார். தலையிடி வேறு. கடைசியில் பக்கத்தில் வைத்த தேத்தண்ணியைத் தட்டிவிடத் தொடங்கினார். நேரே உள்ளது தெரியும், ஓரத்தில் உள்ளது தெரியாது.

அந்த ஹஜ் பெருநாளுக்கு அவருடைய தங்கச்சி மகள் நிஃப்லா கொழும்பிலிருந்து வந்தாள். ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் எலிகளுக்குத் தீனி வைப்பதும், அவற்றை நிறுத்துப் பார்ப்பதும் அவள் வேலை. மாமாவின் கையைப் பிடித்தவள் விடவில்லை. அவள் பார்க்கிற சில எலிகளுக்கு மூளைக்கு அடியில் உள்ள சின்னச் சுரப்பியில் கட்டியாம். பூட்டாத பைப்பில் தண்ணி ஓடுகிற மாதிரி, அந்தக் கட்டி வளர்ச்சி ஹோர்மோனைச் சுரந்துகொண்டே இருக்குமாம். அந்த எலி கூடப் பிறந்த எலிகளை விடப் பெருத்துவிடுமாம். மாமாவுக்கும் அப்படி ஒரு கட்டி இருக்கலாம், அது கண் நரம்பை நெரித்தால் முதலில் ஓரப் பார்வை போகும், பிறகு மிச்சமும் போகும் என்றாள்.

"என்ன புள்ள, என்னை எலிண்டு சொல்றியா?"

"எலி பாவம் மாமா. சொல்லுக் கேக்கும்."

கை பெருக்கவே இல்லை, வயசுக்குக் கொஞ்சம் ஊதியிருக்கிறது, கொழும்புக்கு வரமாட்டேன் என்று அவர் ஒரே பிடி. ஆளை நாலு பேருக்கு முன்னால் மடக்க இதுதான் நேரம் என்று எனக்குப் பட்டது. போய் என் வலையை வேலியிலிருந்து அவிழ்த்து, கோழி எச்சத்தோடு அவர் மடியில் போட்டேன்.

"கை பெருக்கேல்லை எண்டால் இது என்ன நானா? நூலை மிச்சம் பிடிச்சனீங்களோ?"

நிஃப்லா வலையை விரித்தாள். பச்சை நூல் ஒட்டுப் பழையது, நீலம் அதற்குப் பிறகு, வெள்ளை கடைசி. மாமாவின் இரண்டு விரலையும் சேர்த்து, முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தாள். பச்சையில் விரல் அடங்கவில்லை, இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு நின்றது. நீலத்தில் தள்ளல் குறைவு. வெள்ளையில் மட்டுமட்டு, அதிலும் கொஞ்சம் கூட.

ஒட்டுக்கு ஒட்டு வலையின் கண் பெருத்துக்கொண்டே வந்திருந்தது. அவர் வலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"என்ட கை எனக்கே பொய் சொல்லி இரிக்கி," என்றார். பிறகு றுமானா ராத்தாவிடம் உடுப்பு எடுத்து வைக்கச் சொன்னார்.

கொழும்பில் இரத்தம் எடுத்தார்கள், தலையைப் படம் பிடித்தார்கள். நிஃப்லா சொன்னது சரி. மூக்கு வழியாகக் கருவி விட்டுக் கட்டியை எடுத்தார்கள். மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு அவர் கதைத்த கதைக்கு வார்ட்டே சிரித்தது. பார்வை மெல்லத் திரும்பியது. கையில் உள்ள வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும், பெருத்த எலும்பு பெருத்ததுதான், எங்கே வந்து நிற்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டொக்டர்.

ஊருக்கு வந்து கொஞ்ச நாளில் பழையபடி பூவரசுக்குக் கீழே கதிரை. நான் ஓரமாக நழுவிப் போகப் பார்த்தேன். தலையைத் திருப்பாமலே கண்டுபிடித்துவிட்டார். அந்தக் கோழி வலையைக் கொண்டு வரச் சொன்னார், ஒட்டெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக முடிந்து தருவாராம். அப்படியென்றால் முதலில் மூங்கில் துண்டு ஒன்று தேடுங்கள் என்றேன். அவர் ஊசியில் நூலைச் சுற்றி முடித்து, தன் கையை ஒருதரம் திருப்பிப் பார்த்தார்.

"என்ட விரல் இன்னும் ஒரு முடிவுக்கு வரல்ல தம்பி. மூங்கில் புடிக்க எனக்கு மானம் விடாது. ஒங்கட ரெண்டு விரலையும் இங்க நீட்டுங்க. வலை முடியுமட்டும் எடுக்க ஏலாது."