பாலனுக்குக் கை நோகுது

பின்னேர வெயில் சாய்ந்தால் போதும், பிறிஜெற்றின் கால் வீட்டுக்குள் நில்லாது. செருப்பைத் தேடுவாள், கிடைக்காவிட்டால் வெறுங்காலோடு தொடர்மாடிப் படியில் இறங்குவாள். "டியூட்டிக்குப் பிந்துது" என்பாள். ஆசுபத்திரியில், வருத்தத்தோடு பிறந்த குழந்தைகளின் வாட்டில் தலை நரைக்கும்வரை ஆயாவாக இருந்தவள். மறதி எல்லாவற்றையும் தின்றது, அந்த டியூட்டியை மட்டும் துப்பிவிட்டது.

புருசன் யேசுரட்ணம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கப்பல் சாமானையெல்லாம் தூக்கி இறக்கிய மனுசன், இந்த ஒரு மெலிந்த மனுசியைக் கதிரையில் இருத்த முடியாமல் தவித்தார். ஒருக்கால் துறைமுக றோட்டில், லொறிகளுக்கு நடுவே போய்ப் பிடித்தார்கள். பிறகு தூக்கக் குளிசை கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மயக்கத்தில் குளியலறையில் விழுந்து நெற்றி வெடித்தது. அன்றைக்கே அவர் சொல்லிவிட்டார்: "இனிக் குளிசை இல்லை."

டொக்டரம்மாவும் அதற்கு ஓம் என்றா. "மருந்தைக் கடைசியாப் பாப்பம். பாட்டுப் போடுங்கோ, நடக்கக் கூட்டிக்கொண்டு போங்கோ, கைக்கு ஏதாவது வேலை குடுங்கோ."

பாட்டுப் போட்டார். பிறிஜெற் எழும்பிப்போய் ரேடியோவின் காதைத் திருகினாள். "பிள்ளையள் நித்திரை. விசிட்டர்மார் வெளியில நிக்கோணும்!" கட்டின புருசன் விசிட்டராம்.

நத்தார்ப் பண்டிகை கழிந்த கையோடு, நடக்கவென்று கோயிலுக்குக் கூட்டிப்போனார். அவர் மெழுகுதிரி கொளுத்தித் திரும்புமுன், அவள் குடிலுக்குள் கையை விட்டு, வைக்கோலில் கிடந்த பாலன் யேசுவைத் தூக்கித் தோளில் சாய்த்துவிட்டாள். பழைய சுரூபம், வலது கையில் விரல்கள் உடைந்திருந்தன.

"ஐயோ பிறிஜெற், அதை வையும்!"

"சத்தம் போடாதையுங்கோ. பிள்ளைக்குக் கை நோகுது."

வாங்கப் பார்த்தால் கோயில் அதிரக் கத்தினாள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சங்கிலித்தாம் சூசைதாசன் ஓடிவந்தார். அவள் சுரூபத்தை அணைத்திருந்த விதத்தைப் பார்த்தவர், "சரி அண்ணை, கொண்டுபோங்கோ" என்றார். "ஆனா மூண்டு ராசாக்கள் திருநாளுக்கு முதல் பாலன் வந்திடோணும். ராசாக்கள் வந்து வெறும் வைக்கோலையே கும்பிடுறது?"

அன்றிலிருந்து பின்னேரங்கள் வேறு மாதிரி. யேசுரட்ணத்தின் கைலேஞ்சித் துணியைக் கிழித்துப் பாலனின் கைக்குக் கட்டுப் போட்டு, மடியில் கிடத்தித் தட்டிக்கொண்டே இருந்தாள். கதவு திறந்து கிடந்தது. அவள் திரும்பியும் பார்க்கவில்லை. இருப்புக் கொள்ளாதது இப்போது அவருக்குத்தான். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், சூசைதாசன் வந்துவிட்டாரோ என்று எழும்பி வாசலுக்குப் போவார். பாலன் போனால் அவள் திரும்ப றோட்டுக்கு இறங்குவாளே!

திருநாளுக்கு முதல்நாள், வெள்ளவத்தையிலிருந்து மகள் றொசானா புதுப் பிளாஸ்டிக் பொம்மையோடு வந்தாள். பிறிஜெற் அதன் சட்டையைக் கழற்றினாள், உள்ளங்காலில் சுண்டினாள், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள்.

"இதுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வீட்ட அனுப்புங்கோ. கட்டில் இல்லாமல் எத்தனை பிள்ளையள் காத்துக்கொண்டு கிடக்கு."

"அப்ப பாலனைத் தாங்கோ அம்மா. நான்தான் தாய்."

"நீயோ? நீ எங்கட றொசானா. எனக்குத் தெரியாமல் உனக்கு எப்பயடி பிள்ளை பிறந்தது?"

மாதக்கணக்காக மகளின் பெயர் வராத வாய், பார்த்து அன்றைக்குத்தான் அதைச் சொன்னது. றொசானா எட்டித் தாயின் கையைப் பிடித்தாள்.

"தாய் வந்தால்தான் குடுப்பன். அது வாட்டுச் சட்டம்" என்று பிறிஜெற் பாலனை இறுக்கிக்கொண்டாள்.

றொசானா தகப்பனைக் குசினிக்குள் இழுத்தாள். "அப்பா, இனிக் குளிசையைத்தான் கேக்கோணும்."

"இல்லையெண்டால் இல்லை!"

வாய் சொல்லிவிட்டது, கால்தான் ஓரிடத்தில் நிற்கவில்லை. குசினிக்கும் கதவுக்குமாக நடந்தார். நடக்கிற நடையில் டக்கென்று நின்றார். தாய் வந்தால்தானா? தாய் அங்கே குடிலில் முழங்காலில் அல்லவா நிற்கிறா!

பொம்மையையும் மிச்சக் கைலேஞ்சியையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். வெளியே வரும்போது கையில் ஒரு பை இருந்தது. "பிள்ளையின்ர தாய் வந்திட்டா, கோயில்ல நிக்கிறா" என்று பிறிஜெற்றிடம் சொன்னார்.

மூவரும் திரீவீலரில் ஏறினார்கள். குழியில் சில்லு விழ, பிறிஜெற் சாரதியைச் சிங்களத்தில் அதட்டினாள். "மல்லி, ஹெமீட்ட யன்ன! லமயாட்ட அசனீப்பய்!" வருத்தக்காரப் பிள்ளை இருக்கிறதாம், மெல்லப் போகட்டாம். அவனும் பயந்து மெல்லத்தான் போனான்.

குடிலின் முன் அவள் கனநேரம் நின்றாள். சூசைதாசன் வைக்கோலைச் சரிப்படுத்திவிட்டு விலகினார். பிறகு பிறிஜெற் குனிந்து, மாதாவின் முன்னால் பாலனை மெல்லக் கிடத்தினாள்.

"தங்கச்சி, கைக்கட்டில ஈரம் படவிடாதை. அழுதால் இடப்பக்கமாத் தூக்கு." மாதாவுக்குப் பக்கத்தில் நின்ற சூசையப்பர் சுரூபத்தை ஏற இறங்கப் பார்த்தாள். "தகப்பனும் தடியோட சும்மாதான் நிக்கிறார். ஒரு துணி மடிச்சுக் குடுத்தால் என்ன?"

சூசைதாசன் சிரிப்பை அடக்கத் தூணுக்குப் பின்னால் போனார்.

திரும்பி வரும்போது அவள் மடி வெறுமையாக இருந்தது. வெயிலும் சாய்ந்துவிட்டது. கால் தட்டத் தொடங்கியது. கை திரீவீலரின் கம்பியைத் தேடியது. "டியூட்டிக்குப் பிந்துது."

யேசுரட்ணம் அவசரமாகப் பையைத் திறந்து, பிளாஸ்டிக் பொம்மையை அவள் மடியில் வைத்தார். அதன் காலில் கைலேஞ்சிக் கட்டு ஒன்று உருண்டு திரண்டு கிடந்தது.

"புதுப் பிள்ளை. கால் நோகுதாம்."

பிறிஜெற் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"ஆர் இந்தக் கட்டுப் போட்டது?"

"நான்தான்."

"கட்டுப்போடத் துறைமுகத்திலயோ படிச்சனீங்கள்? சாக்கு மூட்டை கட்டினமாதிரி! பிள்ளையின்ர கால் விறைக்கப்போகுது."

திட்டித் திட்டி அவிழ்த்தாள். கால் தட்டுவது நின்றுவிட்டது. அவள் கையை நீட்டமுன்னமே, யேசுரட்ணம் துணியை மடித்து நீட்டிக்கொண்டிருந்தார்.