முப்பத்தோராம் நாள் சரித்திரம்

எங்கள் ஊரில் ஒருவர் பெரிய மனிதராவதற்கு முதலில் சாகவேண்டும். செத்த முப்பத்தோராம் நாள், கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் அடித்து, சாப்பிட வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். படம், தேவாரம், வம்சாவளி, அழுகைப் பாட்டு எல்லாம் அதில் இருக்கும். முன்பக்கங்களில் ஊர்ச் சரித்திரம். அறுபதுகளில் அந்தச் சரித்திரத்தை எழுதிக்கொடுத்த பள்ளிக்கூட வாத்தியார் நான்தான்.

ஒரே ஊருக்கு எத்தனையோ சரித்திரம் எழுதியிருக்கிறேன். யார் வீட்டில் சாவோ, அவர்களுடைய மூதாதையர்தான் சோழநாட்டிலிருந்து படையோடு வந்திறங்கிய தளபதி. அடுத்த சாவு விழும்வரை அவர் பதவியில் இருப்பார். இத்தனை தளபதிகள் வந்த ஊரில் ஒரு சிப்பாயின் பேரனைக்கூட நான் சந்தித்ததில்லை. எல்லாச் சிப்பாய்களும் பிரமச்சாரிகள் போலும்.

ஊரிலேயே பெரிய காணிக்காரரான பெரியவளவுக்காரர் செத்தபோது, மருதனார்மடத்துக்குப் போகும் ஒழுங்கையிலுள்ள பொதுக் கிணற்றை அவர் 'தம் திருக்கரங்களால் தோண்டினார்' என்று எழுதச் சொன்னார் மூத்த மகன். வீட்டுக் கிணறுகளெல்லாம் உவர்; குடிக்க ஊர் முழுவதும் அங்கேதான் அள்ளும். அந்தத் திருக்கரங்கள் வெற்றிலைத் தட்டத்தைவிடப் பாரமான எதையும் தூக்கி நான் பார்த்ததில்லை. ஆனாலும் எழுதினேன்.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் ஒரு பெண் காத்து நின்றார். அந்தக் கிணற்றை வெட்டியவரின் மனைவி. கல்லுக்கு வெடி வைத்தபோது அதற்குள்ளேயே செத்துப்போனவர் அவர்.

"வாத்தியார், என்ரை மனிசன் அந்தக் கிணத்துக்கைதான் செத்தவர். ஒரு வரி போடுவியளோ? பிள்ளையளுக்குக் காட்டலாம்."

அந்தப் பெண்ணின் சாதிக்காரர் அந்தக் கிணற்றில் வாளியைத் தொடக்கூடாது. குடத்தைக் கிணற்றுக் கட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, மற்றவர்கள் யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை வெயிலில் நிற்க வேண்டும். சாவதற்கு மட்டும் உள்ளே இறங்கலாம். அதற்கு எங்கள் ஊரில் ஒரு தடையும் இல்லை.

ஒரு வரி சேர்த்தேன். மூத்த மகன் யாழ்ப்பாணத்தில் அச்சகத்துக்கே வந்து அதை வெட்டினார்.

"மாஸ்ரர், உந்த வரியைப் போட்டால் நாளைக்கு அவங்கள் வாளியிலை கைவைப்பாங்கள்."

கோபத்தைக் காட்ட அந்தக் குடும்பத்துத் தளபதியை ஒரு படி இறக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

அடுத்த வருஷம் கீழைவளவுக்காரர் செத்தார். இரண்டு வளவுக்கும் எல்லை வேலி வழக்கு, தலைமுறையாக நடந்துகொண்டிருந்தது. அவருடைய மகன் என்னைத் தேடி வந்தார்.

"அந்தக் கிணத்தை அவை வெட்டேல்லை, மாஸ்ரர். வெட்டினவன் செத்தவனெல்லே, அவனை எழுதுங்கோ. பேரோடை எழுதுங்கோ. அவையின்ரை புளுகு ஊருக்குத் தெரியட்டும்."

ஒரு வரி என்ன, அரைப் பக்கம் எழுதினேன். ஒரு எழுத்தும் வெட்டுப்படவில்லை. எங்கள் ஊருக்குள் உண்மை நுழைந்தது வேலிச் சண்டையின் புண்ணியத்தில்தான்.

முப்பத்தோராம் நாளுக்கு மறுநாட்காலை ஒரு புத்தகத்தோடு கிணற்றடிக்குப் போனேன். அந்தப் பெண் குடத்தோடு நின்றார். வாசித்துக் காட்டினேன். பெயர் வந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். அந்த நேரம் பார்த்துக் கீழைவளவு மகன் தண்ணீர் அள்ள வந்தார்.

"ஐயா, நீங்கள் நல்லாயிருப்பியள்," என்று அவரிடம் சொன்ன அந்தப் பெண், கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "என்ரை மனிசன்தான் வெட்டினவரெண்டு உங்கடை புத்தகத்திலையே கிடக்கு. அப்ப இனி நான் அள்ளலாமோ?"

அவர் அந்தப் பெண்ணைப் பார்க்காமலே என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்ரர், அது செத்தவீட்டுப் புத்தகம். இது கிணறு. விளங்கப்படுத்திவிடுங்கோ."

நான் வாயைத் திறக்குமுன் அவர் வாளியை இறக்கிவிட்டார். அந்தப் பெண் புத்தகம் நனையாதபடி இடுப்பில் செருகிக்கொண்டு, குடத்தைக் கட்டுக்கு வெளியே வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.