இம்பாலாவின் பக்கத்து சீற்

இது நடந்த கதை. நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். அம்புறோஸ் இதைச் சொல்லி ஒன்றையும் சம்பாதிக்கவில்லை, இருந்ததையும் தொலைத்தான். பேய் இருட்டில்தான் வரும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நல்ல வெயில். 2006 ஒக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்.

அன்று அவன் மனைவி அக்னெஸையும் கூட்டிக்கொண்டு ஆற்று நடுவிலுள்ள இல்-பிசார் தீவுக்குப் போய் ஒரு கார் வாங்கினான். 1965ஆம் ஆண்டு இம்பாலா, கூரையை மடித்துத் திறக்கிற கார். விற்றவள் ஜினெட் என்ற பிரெஞ்சுக்காரி. செத்துப்போன தகப்பனின் கார். பெயின்ற் மங்கி, குரோம் புள்ளி விழுந்து, சீற் வெடித்திருந்தது. எதையும் மாற்றவில்லை, எல்லாம் ஒறிஜினல் என்றாள். அம்புறோஸுக்கு வாயெல்லாம் பல். புவாண்ட்-கிளேர் வெயார்ஹவுஸில் பதினேழு வருடம் பெட்டி தூக்கியவன். பூசைக்கு இதில் போய் இறங்கினால் கோயிலே திரும்பிப் பார்க்கும் என்று ஒரு நினைப்பு.

அக்னெஸ்தான் கீழே பார்த்தாள். சாரதி பக்கத்துக் கார்ப்பெற் நன்றாகவே இருந்தது. மற்றப் பக்கம், வலது கால் படுகிற இடம் மட்டும், தகரம் தெரியத் தேய்ந்திருந்தது.

"இந்தப் பக்கம் பிரேக் இல்லையே. ஏன் இப்பிடித் தேஞ்சு கிடக்கு?"

"அந்தத் தேய்வுதான் வடிவு. உனக்கு விளங்காது."

அவளுக்கா விளங்காது? கல்யாணமான நாளிலிருந்து அவளும் அப்படித்தான் கார்த்தரையை அமத்திக்கொண்டு வருகிறாள். கோபம் வந்தால் அம்புறோஸ் கை நீட்ட மாட்டான். அக்ஸிலேற்றரை மிதிப்பான், அவள் அலறும்வரை. போன மாதம்தான் அவள் சொல்லியிருந்தாள்: "இன்னொருக்கா வெருட்டினா, ரொறன்ரோவுக்கு அண்ணையிட்டைப் போயிடுவன்."

3.40 மணி. கார் வெளிக்கிட முதல் மாதாவை வேண்டி அருள் நிறைந்த மந்திரம் சொல்வது அக்னெஸின் வழக்கம். முதல் பாதியை ஒருவர் சொன்னால் மறு பாதியை மற்றவர் சொல்ல வேண்டும். அம்புறோஸ் ஒருநாளும் வாய் திறப்பதில்லை. மறு பாதியையும் அவளே சொல்வாள். அன்றும் முதல் பாதியை முடித்து மூச்செடுத்தாள்...

மறு பாதி வந்தது.

மெல்லிய பெண்குரல். பிரெஞ்சில். செபத்தின் இழுவை எந்தப் பாஷையிலும் ஒன்றுதான்.

"ஆர் சொன்னது?"

"ரேடியோவாயிருக்கும்."

ரேடியோ ஓடாது என்று ஜினெட் முதலே சொல்லியிருந்தாள்.

"இந்தக் கார் வேண்டாம். இப்பவே திருப்பிக் குடுங்கோ."

அவ்வளவுதான், அவனுக்கு ஏறிவிட்டது. வீட்டுக்குப் போகிற பாலத்துப் பக்கம் போகாமல், ஆற்றைக் கடக்கிற பெரிப் படகுத் துறைப் பக்கம் திருப்பினான். மிதித்தான்.

3.52. முன்னால் சரிவு. சரிவுக்கு அப்பால் ஆறு. பெரி அக்கரையில் நின்றது.

"மெதுவா... மெதுவா... ஐயோ!"

கிறீச்...

நின்றது. முன் சில்லுக்கும் தண்ணீருக்கும் ஒரு முழம்.

அம்புறோஸின் கால் இன்னும் அக்ஸிலேற்றரில்தான் இருந்தது.

ஸ்ரியறிங்கில் தலையைக் கவிழ்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு பயம் கோபமாக மாறியது. காரைத் திருப்பி வீடு வரைக்கும் அவளை ஏசிக்கொண்டே வந்தான். விசரி என்றான். தரித்திரம் என்றான். அவள் பதில் பேசவில்லை. முணுமுணுவென்று செபம் மட்டும். மறு பாதி மட்டும். கடைக்கண்ணில் ஒரு தலைத்துண்டு காற்றில் அடித்தது.

அக்னெஸ் தலைத்துண்டு கட்டி வரவில்லை. அது அப்போது உறைக்கவில்லை.

4.25. வீட்டு வாசல்.

"இறங்கு."

திரும்பினான்.

சீற் வெறுமை.

இடுப்புப் பட்டி பூட்டியபடி...

அக்னெஸ் வீட்டுக்கு வந்தபோது 6.50. பாதி நடை, பாதி பஸ். கால் கொப்பளித்திருந்தது.

"கார் நிண்ட உடனை இறங்கிட்டன். நீங்கள் திரும்பியும் பார்க்கேல்லை."

விடிய அவள் ரொறன்ரோ பஸ் ஏறினாள். அவன் தடுக்கவில்லை. தடுக்க என்ன முகம் இருந்தது?

இரண்டு கிழமை கழித்து, காரைத் திருப்பி எடுங்கள் என்று ஜினெட்டுக்குப் போன் செய்தான். நடந்ததையும் சொன்னான். அப்போதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள். தகப்பனுக்கு அந்தத் துறைவரை மிதித்துப் போய்த் தாயை வெருட்டுவது விளையாட்டு. 1979இல் ஒரு ஞாயிறு, அங்கேயே தாயின் இதயம் நின்றுவிட்டது. தகப்பனுக்குத் தெரியாது. கோபத்தில்தான் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்து, வீடு வரைக்கும் ஏசிக்கொண்டே வந்திருக்கிறார். கதவைத் திறந்து "இறங்கு" என்று கையைப் பிடித்தபோதுதான்...

அன்றே ரொறன்ரோவுக்குப் போன் எடுத்து, அழுதழுது, முழுவதையும் அக்னெஸிடம் சொன்னான். இனி வெருட்ட மாட்டேன், வா என்று கேட்டான்.

"பாவம் அந்த மனுசி," என்றாள் அக்னெஸ். "அவவுக்கு இறங்க நேரம் கிடைக்கேல்லை. எனக்குக் கிடைச்சுது."

போனை வைத்துவிட்டாள்.